மீட்டரில் ஒட்டிய பொட்டு

எங்கள் வீட்டுக் கடிகாரம் பொய் சொல்லும். புனேயின் பாணேர் பகுதியில், ஏழாவது மாடியில், ஹாலில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கும் அது எப்போதும் பத்து நிமிடம் முன்னால் ஓடும். என் மாமியார் வைஜயந்தி வைத்த வழக்கம். மகன் பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று ஆரம்பித்தது, அந்த மகனின் காதோரம் நரைக்கத் தொடங்கிய பிறகும் தொடர்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், கடிகாரம் பொய் சொல்கிறது என்று ஹரீஷுக்கு நன்றாகவே தெரியும். மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொண்டு, ஆற அமர இன்னொரு காபி குடித்துவிட்டுத்தான் கிளம்புவான். ஏமாற்றுகிறவருக்கும் திருப்தி, ஏமாறாதவனுக்கும் திருப்தி. இதுவரை யாரும் எந்த ரயிலையும் தவறவிட்டதில்லை.

நான் அகல்யா, ஹரீஷின் மனைவி. கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து புனேக்கு வந்தவள். சாகணில் ஒரு இன்ஜின் சோதனைக்கூடத்தில் வேலை. இன்ஜினைக் கட்டிப்போட்டு, மூச்சு முட்ட ஓடவிட்டு, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தாலாவது நிம்மதியாக ரசம் வைக்கலாம் என்றால், எனக்கு வாய்த்தவன் அப்படிப்பட்டவன் இல்லை.

ஹரீஷ் புனேயிலேயே வளர்ந்தவன், மென்பொருள் ஆள். வாரமெல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குச் சனி ஞாயிறு வந்தால் கையில் கிரீஸ் ஒட்டியாக வேண்டும். சாகண் போகிற வழியில் ஒரு பங்கார் கடை இருக்கிறது. விபத்தில் நொறுங்கிய வண்டிகளைக் குவித்துவைத்து, உருப்படியான பாகங்களைக் கழற்றி விற்பார்கள். பின்பக்கம் லாரி இடித்து நசுங்கிய ஒரு சின்னக் கார் அங்கே கிடந்தது. இன்ஜினில் கீறல்கூட இல்லை. புதையல் கண்டவன் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அவன் ஆசை இதுதான். அந்த இன்ஜினுக்குள்ளே ஒரு போல்ட்டைக்கூட மாற்றக் கூடாது. வெளியிலிருந்து ஒரு பெரிய டர்போவை மட்டும் மாட்ட வேண்டும். அதை ஒரு பழைய செடானில் இறக்கி, இறக்குமதி வண்டிக்காரர்கள் மீசை முறுக்கும் ஓடுதளப் பந்தயத்தில் அவர்களைத் திரும்பிப் பார்க்கவைக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே திரியும் சபரிக்குக் கோந்த்வாவில் வெல்டிங் பட்டறை இருந்தது. குழாய்களெல்லாம் அவன் கைவேலை. அந்த இன்ஜினின் மூளைக்கு, எப்போது பொறி, எவ்வளவு பெட்ரோல் என்று லேப்டாப்பில் சொல்லிக்கொடுப்பது என் வேலை. முடியாது என்று சொல்லியிருக்கலாம்தான். எனக்கும் அதில் ருசி இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

டர்போ என்பது வேறொன்றுமில்லை. இன்ஜின் தானாக இழுக்கிற மூச்சுக்கு மேல், அதன் வாயில் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி. எவ்வளவு திணிக்கிறோமோ அவ்வளவு பலம். ஆனால் நாலு பேருக்குச் சோறு வடிக்கிற குக்கரில் கல்யாணச் சமையல் செய்தால் எங்கேயாவது பிய்த்துக்கொள்ளத்தானே செய்யும்? இந்த இன்ஜினில் பிய்த்துக்கொள்ளும் இடம், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு. எங்கள் சோதனைக்கூடத்தில் ஒருமுறை அப்படி ஒரு ராடு உடைந்து, இரும்புச் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. கொதிக்கும் எண்ணெய் சூடான டர்போமேல் பீய்ச்சி அறையே தீப்பிடித்தது. நான் தடித்த கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தேன். ஹரீஷின் வண்டியில் அப்படிக் கண்ணாடி எதுவும் இல்லை. இன்ஜினுக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவே ஒரு தகடு மட்டும்தான்.

அதனால் எவ்வளவு அழுத்தம் வரை போகலாம் என்பதற்கு ஒரு எல்லை வைத்தேன். ஓட்டுகிறவனின் வலது பக்கத் தூணில், முள் காட்டும் பூஸ்ட் மீட்டர் ஒன்று இருந்தது. அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் டேஷ்போர்டில் ஒரு திருகுகுமிழ். என் ஸ்டிக்கர் பொட்டில் பெரியதாக ஒன்றை எடுத்து மீட்டர் கண்ணாடியில் ஒட்டினேன்.

"முள்ளு இந்தப் பொட்டத் தொடலாம். தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா ராடு போயிரும்."

"ஜீ மேடம்" என்றான் ஹரீஷ்.

அந்த "ஜீ மேடம்" எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? உப்பு ஒரு ஸ்பூன் என்றால் ஒன்றரை போடுகிறவன். எண்பதில் போ என்றால் தொண்ணூறில் போகிறவன். அவன் தடுக்கில் பாய்ந்தால் நான் கோலத்தில் பாய்கிறவள். அந்த மீட்டர் என் லேப்டாப் சொல்கிறபடி காட்டும் மீட்டர். அதில் ஒரு எண்ணை மாற்றிவைத்தேன். உண்மையான அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படி. முள் பொட்டைத் தொடும்போது உள்ளே அழுத்தம் எல்லைக்குக் கீழேதான் இருக்கும். அவன் கொஞ்சம் தாண்டினாலும் ஆபத்தில்லை. மாமியார் கடிகாரத்துக்குச் செய்ததை மருமகள் மீட்டருக்குச் செய்தேன், அவ்வளவுதான்.

பாதுகாப்புக்கு இன்னொன்றும் இருந்தது. அழுத்தம் எல்லையைத் தாண்டினால் இன்ஜினின் மூளையே பெட்ரோலை வெட்டிவிடும். போன பந்தயத்தில் அது தன் வேலையைச் செய்தது. மூன்றாவது கியரில், முழு வேகத்தில், யாரோ முகத்தில் அறைந்தது போல வண்டி திணறி, பாம்பு மாதிரி நெளிந்து ஓடுதளத்தின் விளிம்பு வரை போய் நின்றது. அங்கே கல் பாவிய வாய்க்கால். வெளிறிய முகத்தோடு இறங்கிய ஹரீஷ் வீடு வரும்வரை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெடித்தான்.

"அந்த கட் என்னை கொன்னிருக்கும், அகல்யா! இன்ஜின் இல்ல, உன் கட்! எடுத்துடு அதை."

"எடுத்துப்போட்டா உன்னைய யாரு தடுக்கறது?"

"நான்! நான் தடுப்பேன். உனக்கு என் மேல பரோசாவே, நம்பிக்கையே இல்ல இல்ல? சின்னப் பையனை மாதிரி ட்ரீட் பண்றே. அம்மா ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்."

மாமியார் சமையலறையில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.  அவன் சொன்னதில் பாதி உண்மை. அந்த வேகத்தில் பெட்ரோலை வெட்டுவது, ராடு உடைவதைவிட ஒன்றும் நல்லதில்லை. அந்த வாரம் முழுக்க அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டில் கண் வைத்தே சாப்பிட்டான். வியாழக்கிழமை நான் இறங்கிவந்தேன்.

"பெட்ரோல் கட்ட எடுத்தர்றேன். ஆனா நீ எனக்கொரு சத்தியம் பண்ணோணும். முள்ளு பொட்டத் தாண்டாது. ஒரு மயிரிழைகூட."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் விளையாட்டு இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ப்ராமிஸ். பொட்டு எங்க இருக்கோ அங்கதான். அம்மா மேல சத்தியம்."

நான் நம்பினேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அம்மா மேல் சத்தியம் செய்து அவன் தவறியதில்லை.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை காலை. சாஸ்வட் தாண்டி உள்ளே போனால் ஒரு தனியார் ஓடுதளம். வெயில் ஏறுவதற்குள்ளேயே கூட்டம் வந்துவிட்டது. வரிசையில் வண்டி நின்றபோது ஹரீஷும் சபரியும் டயரில் காற்றுப் பார்க்கப் போனார்கள். நான் இடதுபக்க இருக்கையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓட்டுகிறவனை நோக்கித் திரும்பியிருந்த மீட்டரின் முகம் அங்கிருந்து தெரியாது. வியாழக்கிழமை ஒப்புக்கொண்டபடி, பெட்ரோலை வெட்டும் அந்த 'கட்'டை எடுத்துவிட்டேன். இனி அவனைத் தடுக்க அந்தப் பொட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அப்போதுதான் மீட்டரின் பொய் எண் திரையில் என் கண்ணில் பட்டது. பார்க்கவே கூச்சமாக இருந்தது. அம்மா மேல் சத்தியம் செய்த மனுஷனிடம் நான் பொய் மீட்டரைக் கொடுத்து அனுப்புகிறேனே? அவன் சொன்ன வார்த்தையை நம்புகிறேன் என்றால் இது எதற்கு? அந்த எண்ணை அழித்துப் பூஜ்யம் ஆக்கினேன். இனி முள் உண்மையைச் சொல்லும். பொட்டு வரை போனால் இன்ஜின் தாங்குகிற எல்லை வரை, சரியாக. அதற்கு மேல் ஒரு சொட்டு இடம் இல்லை. அவன் இத்தனை நாள் ஆசைப்பட்ட முழு பலமும் அவனுக்குக் கிடைக்கும். அவனிடம் சொல்லவில்லை. ஓடி முடித்து வந்ததும் சொல்லலாம், சிரிப்பான் என்று நினைத்தேன். மனசு லேசாகி, ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

சோதனை ஓட்டம் போய்வந்த ஹரீஷ் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "இன்னிக்கு பூஸ்ட் கம்மியா காட்டுது. வெயில்னாலயா? குமிழைக் கொஞ்சம் திருகணும்."

"திருகிக்க" என்றேன் சிரித்துக்கொண்டே. முள் உண்மையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது, பிறகு கம்மியாகத்தான் காட்டும். "ஆனா சத்தியம் நெனப்பிருக்கட்டும்."

"பொட்டு வரைக்கும். ஒரு மில்லி மேல இல்ல." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். கண் மட்டும் தெரிந்தது. கண்ணால் சிரித்தான்.

வண்டி ஊர்ந்து புறப்படும் கோட்டை நோக்கிப் போனது. அவனுக்கு முன்னால் இரண்டு வண்டிகள் இருந்தன. நானும் சபரியும் தடுப்புக் கம்பிக்குப் பின்னால், கூட்டத்தோடு நின்றோம். சபரி தன் போனை என்னிடம் நீட்டினான். மராத்திக்காரர்கள் அண்ணியைக் கூப்பிடுவது போல என்னை 'வஹினி' என்றுதான் கூப்பிடுவான்.

"வஹினி, வீடியோ பாருங்க. இப்போதான் எடுத்தேன். ஹீரோ மாதிரி இல்ல?"

ஹரீஷ் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கட்டைவிரலை உயர்த்துகிறான். காமிரா மெதுவாக நகர்ந்து குமிழைக் காட்டி, தூணில் இருந்த மீட்டரில் போய் நின்றது. என் பொட்டு. நான் அதை இருபது என்ற எண்ணுக்குக் கீழே, அதன் காலடியில் ஒட்டியிருந்தேன். வீடியோவில் அது இருபதின் தலைக்கு மேலே இருந்தது. வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கினேன். பழைய இடத்தில் பசை அழுக்காக ஒரு வட்டம் தெரிந்தது.

"சபரி, பொட்டு ஏன் மேல இருக்குது?"

சபரி பிடரியைச் சொறிந்தான். "கோபப்படக் கூடாது. மீட்டர் ஜாஸ்தி காட்டுதுன்னு ஹரீஷ் எப்பவோ கண்டுபிடிச்சிட்டான். என் பட்டறையில கம்ப்ரெசர் மீட்டர் இருக்கில்ல, அதை டியூப்ல மாட்டிப் பாத்தோம். அவன் சிரிச்சிட்டான். 'எங்க வீட்டுக் கடிகாரம்டா இது'ன்னான்."

"எப்ப மாத்துனீங்க?"

"வெள்ளிக்கிழமை. நீங்க சத்தியம் வாங்கிட்டீங்கன்னு வந்தான். 'சத்தியம் பண்ணிட்டா நிஜமா இருக்கணும்டா, பொட்டைத் தாண்டவே கூடாது'ன்னு சொல்லி, மீட்டர் எவ்வளவு ஜாஸ்தி காட்டுதோ அவ்வளவு மேல தள்ளி ஒட்டினான். கரெக்டா உங்க லிமிட்தான் வஹினி. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. நீங்க காலஜி பண்ணாதீங்க, கவலையே வேணாம்."

 மீட்டர் பொய் சொல்கிறது என்று அவன் பொட்டை ஏற்றிவிட்டான். பொட்டு பழைய இடத்தில் இருக்கிறது என்று நான் மீட்டரைத் திருத்திவிட்டேன். அவன் திருத்தியது சரி. நான் திருத்தியதும் சரி. இரண்டும் சேர்ந்து அந்தப் பொட்டு இப்போது நிற்கும் இடத்தில் ராடு தாங்காது. அவன் ஒழுங்காக, சத்தியத்தைக் காப்பாற்றி, ஒரு மில்லிகூட மேலே போகாமல், நேராக அங்கே போய் நிற்பான்.

முதல் வண்டி சீறிக்கொண்டு போனது. ஹரீஷுக்கு முன்னால் இன்னும் ஒன்றுதான்.

"அவனை நிறுத்தோணும். சபரி, அவனை நிறுத்தோணும்!"

"ஏன்? என்ன ஆச்சு?"

சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. கம்பிக்கு அடியில் குனிந்து ஓடினேன். போன் செய்து பயனில்லை, அவன் போன் என் கைப்பையில்தான் இருந்தது. துப்பட்டா கம்பியில் மாட்டிக் கிழிந்தது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். புறப்படும் கோடு எதிரிலேயே தெரிந்தது, ஆனால் சுற்றிக்கொண்டு போக டயர் அடுக்கு ஒன்று வழியை மறித்தது. அதன்மேல் ஏறிக் குதித்தேன். குதிகாலில் சுருக்கென்று வலித்தது. வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. புறங்கையால் துடைத்தபோது நெற்றிப் பொட்டும் கையோடு வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சினிமாவில் இப்படித்தான் காட்டுவார்கள், நான் சிரித்திருக்கிறேன். இப்போது அந்தக் கறுப்புப் பொட்டை உதறவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல், கைக்குள் இறுக்கிக்கொண்டு ஓடினேன்.

இரண்டாவது வண்டியும் போய்விட்டது. ஹரீஷின் செடான் கோட்டில் வந்து நின்றது.

விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில், ஆரஞ்சுச் சட்டை போட்ட பந்தய அதிகாரி ஒருவர் கையில் வாக்கிடாக்கியோடு நின்றார். நான் அவரை நோக்கி ஓடுவதைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார்.

"மேடம், மாகே! மாகே வ்ஹா!" பின்னால் போ, பின்னால் போ என்கிறார்.

"காடி ரோக்கோ! அந்த வண்டிய நிறுத்துங்க!"

"காய் ஜாலம்?"

என்ன ஆச்சு என்று கேட்கிறார். நான் என்ன சொல்வது? மீட்டர், பொட்டு, கடிகாரம், மாமியார் என்று ஆரம்பித்தால் அவர் என்னைக் கையைப் பிடித்து வெளியே விட்டுவிடுவார். பின்னால் செடான் உறுமத் தொடங்கியது. ஹரீஷ் வண்டியைப் பிடித்துவைத்தபடி ஆக்சிலேட்டரை மிதிக்கிறான். டர்போவின் சீழ்க்கை ஏறிக்கொண்டே போனது. எந்தப் பந்தய அதிகாரியையும் அசைக்கிற வார்த்தை ஒன்றுதான் உண்டு.

"பெட்ரோல் லீக்! பெட்ரோல் லீக் ஹோ ரஹா ஹை! ஆக் லகேகி! தீப்பிடிச்சிரும்!"

அவர் முகம் மாறியது. வாக்கிடாக்கி வாய்க்குப் போனது. ஆனால் அதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

டயர் புகைய, செடான் என்னைக் கடந்து பாய்ந்தது. "டேய் ஹரீஷ்!" என்று கத்தினேன். மாமியார் காதில் விழுகிற தூரத்தில் ஒருநாளும் நான் அவனை 'டேய்' போட்டதில்லை. அன்று ஊர் முழுக்கக் கேட்டிருக்கும், அவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

முதல் கியர். அந்தச் சத்தத்தை நான் தூக்கத்திலும் அடையாளம் சொல்வேன். முதல் கியரில் சக்கரம் வழுக்கும், டர்போ முழுசாக மூச்சு எடுக்காது, பயமில்லை. இரண்டாவது. சீழ்க்கை கூர்மையானது. நான் அறியாமலே என் பற்களைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதிகாரி வாக்கிடாக்கியில் "லால்! லால் ஜெண்டா!" என்று கத்திக்கொண்டிருந்தார். ஓடுதளத்தின் நடுவில் நின்ற ஆள் கொடியை எடுக்கக் குனிவது தெரிந்தது. எவ்வளவு நிதானமாகக் குனிகிறான் பாவி! மூன்றாவது. இதில்தான் டர்போ எல்லாவற்றையும் கொட்டும். இதில்தான் முள் பொட்டுக்குப் போகும்.

சிவப்புக் கொடி மேலே எழுந்தது. மூன்றாவது கியரின் அந்த நீண்ட அலறல் உச்சிக்கு ஏறி, ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு அறுந்தது.

அறுந்தது ராடு உடைந்ததாலா, அவன் காலை எடுத்ததாலா என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் அதைவிட நீளமான நொடியை நான் பார்த்ததில்லை. புகை வரவில்லை. தீ வரவில்லை. வண்டி நேராகவே ஓடி, மெதுவாகி, தூரத்தில் ஓரமாக ஒதுங்கியது. பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. அவன் பிரேக் பிடிக்கிறான். உயிரோடு இருக்கிறவன்தானே பிரேக் பிடிப்பான். நான் அப்படியே சூடான தார்த்தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அந்த அதிகாரி எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஹரீஷ் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் எறிந்திருந்தான். தீயணைப்புக்காரர்கள் வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டு, ஒரு சொட்டு ஒழுகல்கூட இல்லை என்று கையை விரித்தார்கள். பொய்ப் புகார் என்றால் அந்த வண்டிக்கு அன்று மறு ஓட்டம் கிடையாது, அது விதி. அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தார்.

"லீக்கா? எங்க லீக்?" ஹரீஷ் என் முகத்துக்கு நேரே கத்தினான். "நீதானே சொன்னே? நான் பொட்டைத் தாண்டல! சத்தியமா தாண்டல, கரெக்டா பொட்டுல நின்னுச்சு முள்ளு. அப்பவும் உனக்கு நம்பிக்கை வரல இல்ல? பூரா பப்ளிக் முன்னாடி..."

அவன் கண் கலங்கியிருந்தது. ஆத்திரமா அழுகையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.  வண்டியின் பேனட்டைக் காட்டினேன்.

"ஸ்டார்ட் பண்ணு."

"எதுக்கு?"

"பண்ணு ஹரீஷ். மெதுவா. ஐடிலிங்ல மட்டும்."

முறைத்துக்கொண்டே உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் பிடித்தது. எப்போதும் தையல் மிஷின் மாதிரி ஓடுகிற இன்ஜின். இப்போது அதற்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல டொக், டொக், டொக் என்று சத்தம் வந்தது. சபரி "ஐலா" என்றான். ராடு வளைந்துவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம் அந்த மூன்றாவது கியரில் போயிருந்தால் வெளியே வந்திருக்கும்.

ஹரீஷ் இன்ஜினை அணைத்தான். கோபமெல்லாம் வடிந்து, குழம்பிப்போய் என்னைப் பார்த்தான்.

"எப்படி? லிமிட்டுலதானே இருந்தேன். நான் செக் பண்ணி..." சட்டென்று நிறுத்தினான். பொட்டை நகர்த்தியதை எனக்குச் சொல்லவில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது போல.

"பொட்ட நகர்த்திப்போட்டீன்னு சபரி சொன்னான்" என்றேன். "நான் இன்னைக்குக் காலைல மீட்டரச் சரி பண்ணிப்போட்டேன். நீ சத்தியம் பண்ணீல்ல. அதுக்கப்புறம் பொய் மீட்டரக் குடுக்க மனசு வரல."

அவன் மீட்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்க்கிறான் என்று தெரிந்தது. கணக்கு முடிந்தபோது முகத்தில் ரத்தம் வற்றியது. வண்டியின் கதவுப் படியில் உட்கார்ந்துவிட்டான். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அந்தத் தகட்டுக்கு இந்தப்பக்கம் இருந்த முழங்கால்.

முழங்காலை விடாமலேயே சொன்னான். "நம்ம ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் பொய் சொல்லிட்டே இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

"இல்ல. ரெண்டு பேர்ல ஒருத்தராவது வாயத் தொறந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

 அவன் என் மூடிய கையைப் பிடித்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தான். உள்ளே கசங்கிய கறுப்புப் பொட்டு இருந்தது. அதையும், வெறுமையாக இருந்த என் நெற்றியையும் பார்த்தான்.  அவன் என் கையை விடவே இல்லை, சபரி வண்டியை இழுத்துப்போக டெம்போ கொண்டுவரும் வரை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். மாமியார் கதவைத் திறந்து, "ஜெயிச்சியாடா?" என்றார். ஹரீஷ் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நேராக ஹாலுக்குப் போனான். நாற்காலியை இழுத்து டிவிக்கு முன்னால் போட்டு ஏறினான். கடிகாரத்தை நோக்கி அவன் கை போவதைப் பார்த்ததும் கத்திவிட்டேன்.

"தொடாதே!"

நான் போட்ட சத்தத்தில் அவன் நாற்காலியிலேயே தடுமாறினான்.

"அத்தையக் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டு, அப்புறம் தொடு" என்றேன். 

அவன் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையாட்டினான். "அம்மா, இங்க வா. இப்படி நில்லு. நான் இந்தக் கடிகாரத்தை சரி பண்றேன். பத்து நிமிஷம் பின்னாடி வெக்கிறேன். நீ பாத்துக்கோ. அகல்யா, நீயும் பாத்துக்கோ."

மாமியார் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். மகனை அண்ணாந்து பார்த்தார். பிறகு என் வெறும் நெற்றியையும் கிழிந்த துப்பட்டாவையும் பார்த்தார்.

"ஏன்டா? இத்தனை வருஷம் நல்லாத்தானே ஓடிட்டிருந்தது?"

ஹரீஷ் முள்ளை நிமிடம் நிமிடமாகப் பின்னால் தள்ளினான், நான் பத்து வரை வாய்விட்டு எண்ணினேன்.